மலைக்கு அப்பாலுள்ள கடையின் விலை

அக்டோபர் 2, திங்கள்

குளிருக்கு முன் வாங்கி அடுக்க வேண்டிய சாமான்களுக்கு இன்று பட்டியல் போடத் தொடங்கினேன். இது என் மனிசி புனிதத்தின் வேலை. கோடு போட்ட ஒற்றைறூள் கொப்பியில் ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே மூன்று கட்டம் கீறி, மூன்று கடைகளின் விலையையும் எழுதி வைப்பாள். நான் பார்த்து, எதை எங்கே வாங்குவது என்று தீர்ப்புச் சொல்லுவேன். கஞ்சனுக்குக் கணக்கப்பிள்ளை வாய்த்தது போல என்று கூட வேலை செய்யும் சபாநாதன் பகிடி பண்ணுவான். அவள் போய் அடுத்த மாதம் ஒரு வருடம். கொப்பி இருக்கிறது. கட்டங்களை இனி நான்தான் நிரப்ப வேண்டும்.

நோர்வேயின் வடக்கில், கடலுக்கும் மலைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிற ஊர் இது. முப்பத்தொரு வருடமாக மீன் தொழிற்சாலையில் வேலை. ஊரில் இரண்டு கடைகள். பெயர்ப்பலகை நிறத்தை வைத்து மஞ்சள் கடை, சிவப்புக் கடை என்போம். மூன்றாவது மலைக்கு அப்பால், எழுபத்துநாலு கிலோமீற்றர் தள்ளி. அது மலைக்கடை. நவம்பரில் பனி கொட்டத் தொடங்கினால் மலைப்பாதையைப் பூட்டுவார்கள், ஏப்ரலில்தான் திறப்பார்கள். சுற்றிப் போனால் ஏழு மணித்தியாலம். பாதையைப் பூட்ட முன் வாங்குகிறவன் பிழைப்பான்.

அக்டோபர் 3, செவ்வாய்

வேலை முடிந்து இரண்டு கடைக்கும் நடந்தேன். மைசூர்ப் பருப்பு மஞ்சளில் மலிவு. தேங்காய்ப்பால் டின் சிவப்பில் இரண்டு குரோனர் குறைவு, ஆனால் டின் சிறிது. என்னை ஏமாற்றப் பார்த்தார்கள். பின்பக்கம் திருப்பி நிறையைப் பார்த்தேன்.

மூன்றாவது கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. மலைக்கடையில் புனிதம்தான் அங்கத்தவர். அந்தக் கடையின் விலைகள் அவளுடைய போனுக்குத்தான் வரும். அந்தப் போன் அலுமாரியில், பொலிஸ்காரர் தந்த பையோடு அப்படியே கிடக்கிறது.

அக்டோபர் 4, புதன்

போனுக்கு மின்சாரம் ஏற்றினேன். கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. அவளுடைய இலக்கத்தை நான் வெட்டவில்லை. ஒவ்வொரு மாதமும் காசு போகிறது. வீண் செலவு என்று எனக்குத் தெரியாதா? திறக்கிற எண் மகள் சாம்பவி பிறந்த வருடம். முதல் தடவையிலேயே திறந்தது.

மலைக்கடை இந்தக் கிழமை வெங்காயத்தை மலிவாகப் போட்டிருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

பின்னேரம் நாலு இருபதுக்கு, குசினி மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டுப் பார்த்தேன்.

மலைக்கடையின் பற்றுச்சீட்டு. 'புனிதவதி, எங்களிடம் வாங்கியதற்கு நன்றி' என்று மேலே இருந்தது. கீழே பட்டியல்: மைசூர்ப் பருப்பு இரண்டு, தேங்காய்ப்பால் மூன்று, தேசிக்காய், செத்தல் மிளகாய், டின்மீன்.

வியாழக்கிழமைகளில்தான் அவள் மலைக்கடைக்குப் போவாள். நாலரைக்கு முன் வாங்கி முடித்து, இருட்டுகிறதற்குள் மலையைக் கடக்கப் பார்ப்பாள்.

மீனை வெட்டி முடிக்கவில்லை.

அக்டோபர் 6, வெள்ளி

பருப்பு வாங்கவில்லை. வாங்கியாயிற்று.

அக்டோபர் 8, ஞாயிறு

முந்தநாள் எழுதியதை வாசித்து எனக்கே சிரிப்பு வந்தது. இயந்திரத்தின் பிழையாக இருக்கும். கடைக்காரருக்கு ஒரு கடிதம் போட்டால் தெரிந்துவிடும்.

போடவில்லை. பிழையைத் திருத்தினால் அது நின்றுவிடும்.

அக்டோபர் 12, வியாழன்

மூன்று மணியிலிருந்து மேசையில் குந்தியிருந்தேன். தலையிடி என்று சபாநாதனுக்குப் பொய் சொல்லி, வேலையிலிருந்து வெள்ளனவே வந்தேன். முப்பத்தொரு வருடத்தில் இது மூன்றாம் முறை.

நாலு பதினெட்டுக்கு வந்தது. கறிவேப்பிலை இல்லாத ஊரில் அவள் வாங்கும் அதே செலரி இலை. அதே வாழைப்பழம், ஐந்து.

போன வருடம் அந்த வியாழன் அவள் அந்தக் கடைக்குப் போய்ச் சேரவில்லை. மலையில் ஏழாவது வளைவோடு சரி. இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. நினைப்புத்தானே. எழுதி வைத்தால் குற்றமில்லை.

அக்டோபர் 19, வியாழன்

உள்ளி, இஞ்சி, அரிசி ஐந்து கிலோ. கடைசியில் 'பை ஒன்று' என்று இருந்தது. அவள் பை கொண்டுபோக மறந்தால் நான் ஏசுவேன். ஒரு பைக்குக் காசு கொடுப்பது மடைத்தனம் என்பேன்.

இன்று ஏசவில்லை. வாசல் கதவைப் பூட்டாமல் விட்டேன். கை நிறைய சாமானோடு வருகிறவளுக்குத் திறப்பு எடுக்கக் கஷ்டம்.

அக்டோபர் 22, ஞாயிறு

சபாநாதன் வந்தான். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், சீனி இல்லை. அவனே எழும்பி அலுமாரியைத் திறந்தான். நான் தடுக்கும் முன் எல்லாக் கதவையும் திறந்துவிட்டான்.

"என்ன மச்சான் இது? குளிருக்கு எல்லாரும் மூட்டை மூட்டையா வாங்கி அடுக்கிறாங்கள். உன்ர அலுமாரியில எலி வந்தாலும் பட்டினிதான் கிடக்கும்."

"வாங்கியாச்சு. வரும்."

"ஆர் கொண்டு வருவினம்?"

அவன் மேசையில் கிடந்த போனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கும் எனக்கும் நாற்பது வருடப் பழக்கம், ஒரே தீவில் பிறந்தவர்கள். சில பார்வைகளைத் தாங்க ஏலாது.

"புனிதத்தின்ர ஆட்டைத் திவசம் வாற மாசம் பதினாலாந் திகதி செவ்வாய் வருது. நாள் பார்த்திட்டன். உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"சாம்பவிக்கு..."

"அவளைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் கோப்பையை வைச்சிட்டுப் போ."

அவன் கோப்பையை வைத்துவிட்டுப் போனான். வாசலில் சப்பாத்துப் போட வெகு நேரம் எடுத்தான். பின்னேரம் கதவில் ஒரு பை தொங்கியது. சீனி, பருப்பு, டின்பால். பருப்பைத் தொடவில்லை.

அக்டோபர் 26, வியாழன்

இன்றைய பட்டியலில் பிள்ளைக்குக் கட்டுகிற பம்பர்ஸ் இருக்கிறது. இலக்கம் நாலு. பிள்ளைகளுக்கான ஓட்ஸ் கஞ்சி மாவும்.

புனிதத்துக்கு எதற்குப் பம்பர்ஸ்? யாருக்காவது வாங்கிக் கொடுக்கிறாள் போல. அவள் அப்படிப்பட்டவள்தான், தனக்கு மிஞ்சாமலே தானம் செய்கிறவள்.

சாம்பவி ஒஸ்லோவில் இருக்கிறாள். தாதியாக வேலை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எனக்கு இல்லை.

அக்டோபர் 30, திங்கள்

மஞ்சள் கடையில் ஆட்டிறைச்சி கிலோ நூற்றொன்பது. பிறீசர் வெறுமையாக இரைந்துகொண்டிருக்கிறது.

நவம்பர் 2, வியாழன்

மூன்று மணிக்கே இருட்டி விட்டது. நாலு இருபத்தைந்துக்குப் போன் அதிர்ந்தது. பாண், முட்டை, பால்.

எழுதாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன்.

போன வருடம் அந்த வியாழன் காலையில் அவள் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். "இண்டைக்குப் பனி கொட்டுது. நான் போகேல்லையப்பா" என்றாள். அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மூன்று வருடமாக மழை, காற்று எதற்கும் அவள் ஒரு வியாழனைத் தவறவிட்டதில்லை.

நான் கொப்பியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். ஆட்டிறைச்சி, மலைக்கடை, எழுபத்தொன்பது, வியாழனோடு முடிகிறது என்று திங்கட்கிழமை அவளே எழுதியிருந்தாள். இங்கே தொண்ணூற்றொன்பது.

"இருபது கிலோ எடுத்தால் நானூறு குரோனர் மிச்சம். அடுத்த கிழமை பாதையைப் பூட்டிப்போடுவாங்கள். எழுதினதும் நீதான். எழுதிப்போட்டு வீட்டில குந்தியிருந்தால் விலை நடந்து வருமோ?"

அவள் கொப்பியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். நான் கையை நீட்டிக் கார்த் திறப்பைக் கொடுத்தேன். எனக்குப் பகல் வேலை இருந்தது. அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. நான்தான் அனுப்பினேன். நானூறு குரோனருக்கு.

நவம்பர் 5, ஞாயிறு

போன வருடத்து ஆட்டிறைச்சி விலையையும் இந்த வருடத்து விலையையும் ஒப்பிட நினைத்தேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை. மலைக்கடையின் பழைய பற்றுச்சீட்டுகள் எல்லாம் போனுக்குள் இருக்கின்றன என்று இன்றுதான் கண்டேன்.

போன வருடம் அக்டோபர். ஆட்டிறைச்சி இரண்டு கிலோ. கிலோ நூற்றிருபத்தொன்பது.

கொப்பியைப் பார்த்தேன். அதே கிழமை, அவளுடைய வட்ட எழுத்தில் எண்பத்தைந்து.

பருப்பு: கொப்பியில் பத்தொன்பது, பற்றுச்சீட்டில் இருபத்தொன்பது. தேங்காய்ப்பால், அரிசி, எண்ணெய், கோழி. மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மலைக்கடை ஒரு நாளும் மலிவாக இருந்ததில்லை. மூன்று வருடத்தில் ஒரு சாமான்கூட மலிவில்லை. அவள் எனக்குக் காட்டிய விலைகள் எல்லாம் பொய். கூடின காசைப் பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்த தன் சம்பளத்திலிருந்து போட்டிருக்கிறாள். 'உனக்குக் கையில காசு நிக்காது' என்று அந்தச் சம்பளத்தைச் சொல்லித்தான் நான் ஏசுவேன்.

ஆட்டிறைச்சி அந்த வியாழனோடு முடியவில்லை. மலிவே இருக்கவில்லை, எப்படி முடியும்? தான் எழுதிய பொய்யை நான் அவள் முன்னால் விரித்து வைத்தேன். அவளால் 'பொய்யப்பா' என்று சொல்ல ஏலவில்லை. அதனால் போனாள்.

பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் பேர் எடுத்தவள். எதற்காகச் சொன்னாள்?

பட்டியலை இந்தப் பக்கம் இழுத்தேன். அவள் செத்து இரண்டு கிழமை ஒன்றும் இல்லை. பிறகு வியாழன், வியாழன், வியாழன். மலைப்பாதை பூட்டிக் கிடந்த ஜனவரியிலும் வியாழன். மார்ச் மாதம் பம்பர்ஸ் தொடங்குகிறது. இலக்கம் ஒன்று. பிறகு இரண்டு. கோடையில் மூன்று. இப்போது நாலு. ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறது.

பூட்டிய பாதை செத்தவளை மறிக்குமா? மறிக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும். இன்று இதற்கு மேல் எழுத ஏலாது.

நவம்பர் 7, செவ்வாய்

வேலையில் விரலை வெட்டிக்கொண்டேன். மூன்று தையல்.

நவம்பர் 9, வியாழன்

நாலு இருபத்தொன்று. நீளமான பட்டியல்.

பூசணி. பயற்றங்காய் இல்லாத இடத்தில் போஞ்சி. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, கீரை. வாழைப்பழம் ஒரு சீப்பு. பால் நாலு போத்தல், முந்திரிகை வத்தல், கசுக்கொட்டை. மீன் இல்லை, முட்டை இல்லை. கடைசியில் பழுப்புச் சீஸ், பெரிய கட்டி.

பழுப்புச் சீஸ் ஆட்டுப்பாலில் செய்வது, கொஞ்சம் தித்திக்கும். தோசையில் வைத்துச் சுருட்டித் தின்பாள். இந்த நாட்டில் அவளுக்குப் பிடித்த ஒரே சாப்பாடு. விலை கூடின பிறகு நான் அதைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டேன்.

இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கும்போது விளங்கியது. இது சமையலுக்கான பட்டியல் அல்ல, படையலுக்கான பட்டியல். திவசத்துக்கு மரக்கறி சமைத்து, செத்தவருக்குப் பிடித்ததையும் இலையில் வைத்துப் படைப்போம்.

செத்தவள் தன்னுடைய படையலுக்குத் தானே சாமான் வாங்க மாட்டாள்.

அவள் இல்லை. ஐந்து கிழமையாக என்னோடு இருந்தவள் இன்று பின்னேரம் நாலு இருபத்தொன்றுக்குப் போய்விட்டாள். வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்து, குசினி நிலத்தில் இருந்து வாய் விட்டு அழுதேன். போன வருடம் அழவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 10, வெள்ளி

சாப்பாட்டு இடைவேளையில் சபாநாதனைக் கேட்டேன்.

"சாம்பவி எங்க இருக்கிறாள்?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "மலைக்கு அங்கால. அங்கத்த ஆஸ்பத்திரியில வேலை. நாலு வருசமாச்சு. அவளின்ர மனிசன் ஊலாவ் நல்ல பெடியன். மகள் பிறந்து எட்டு மாசம், பேர் ஈவா."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"உன்னைத் தவிர எல்லாருக்கும். ஆஸ்பத்திரியில அவளுக்கு வியாழன் லீவு மச்சான். புனிதம் அந்த நாளில போய்ச் சாம்பவியைப் பார்த்திட்டு வரும். செவ்வாய்க்கிழமை திவசம் அங்கதான். நானும் மனிசியும் போறம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்ல வந்தன். கோப்பையை வைச்சிட்டுப் போகச் சொன்னாய்."

நாலு வருடத்துக்கு முன், வெள்ளைக்காரனோடு வாழப்போகிறேன் என்று வந்து நின்ற மகளிடம், இந்த வாசலை இனி மிதிக்காதே என்று சொன்னவன் நான். புனிதம் பக்கத்தில் நின்றாள். அடுத்த மாதம் ஒரு கொப்பி வாங்கி வந்து, "மலைக்கு அங்கால ஒரு கடை இருக்குதாம், நல்ல மலிவாம்" என்றாள். மனிசிக்கு இப்போதுதான் புத்தி வந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

செத்தவீட்டில் சாம்பவி தடித்த மேலங்கியோடு கடைசி வரிசையில் நின்றாள். போகும்போது என்னிடம் வந்து, "அம்மா ஏன் அந்தப் பாதையால வந்தவ எண்டு ஒருநாள் யோசிச்சுப் பாருங்கோ" என்றாள். நான் ஒரு வருடம் யோசிக்கவில்லை.

நவம்பர் 13, திங்கள்

நாளை பின்னேரம் புயல் என்கிறார்கள். பாதையை நாளை ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள், பிறகு ஏப்ரல்தான். ஒரு வருடமாக நான் அந்த மலையில் ஏறவில்லை. போனால் கதவைத் திறப்பாளோ தெரியாது. போகாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வயது கடந்துவிடும்.

அரிசி பத்துக் கிலோ வாங்கிக் கார் முன் இருக்கையில் வைத்தேன். கொப்பியையும்.

நவம்பர் 14, செவ்வாய்

சாம்பவியின் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் சபாநாதனின் கார் முன்னே போக, அதன் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நான் பின்னே போனேன். ஏழாவது வளைவில் புதிதாக வேலி போட்டிருக்கிறார்கள். நிறுத்துவதாக இருக்கவில்லை, கால் தானாக நிறுத்தியது. கண்ணாடியை இறக்கினேன். வெறும் காற்று.

"இஞ்ச நிண்டது போதும். ஏறு" என்றேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரை எடுத்தபோது, பக்கத்து இருக்கையில் இருப்பவர் பட்டி போடவில்லை என்று கார் கத்தத் தொடங்கியது. அரிசி மூட்டையின் பாரத்துக்கு அது கத்தும், எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து கத்தாமல் வந்தது அங்கே ஏன் கத்தியது என்று தெரியாது. பட்டியை இழுத்துப் பூட்டினேன். கத்துவது நின்றது.

கதவைத் திறந்தது சாம்பவி. இடுப்பில் பிள்ளை. புனிதத்தின் நெற்றி, யாரும் சொல்லத் தேவையில்லை. நான் அரிசியைக் கீழே வைத்துவிட்டுக் கொப்பியை நீட்டினேன்.

"இதை ஏன் கொண்டு வந்தனீங்கள்?"

"விலையெல்லாம் பிழை. பார்த்திட்டன்."

அவள் கொப்பியை வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு அவ போகேல்லையெண்டுதான் சொன்னவ. நான்தான், பிள்ளை, அனுப்பினன்."

ஒரு வருடமாக நான் யாருக்கும் சொல்லாதது இரண்டு வரியில் முடிந்துவிட்டது. அவள் அழுதாள். அழுதுகொண்டே கோபமாகச் சொன்னாள்: "எனக்கும் ஃபோன் எடுத்து வரேல்லையெண்டு சொன்னவ. நான் கோவிச்சுக்கொண்டு ஃபோனை வைச்சனான். பேந்து வெளிக்கிட்டிட்டன் எண்டு மெசேஜ் வந்தது. எனக்காகத்தான் வாறா எண்டு இருந்திட்டன்."

இரண்டு பேரும் ஒரு வருடமாக ஒரே சுமையை மலைக்கு இரு பக்கமும் நின்று தூக்கியிருக்கிறோம்.

"உள்ளுக்கு வாங்கோ அப்பா. பிள்ளைக்குக் குளிருது" என்றாள்.

வாழையிலைக்குப் பதில் வெள்ளைத் தட்டு. பழுப்புச் சீஸை மெல்லியதாகச் சீவிச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். காகத்துக்கு வைத்ததைக் கடற்பறவை கொண்டு போனது. சபாநாதனும் மனிசியும் மூன்று மணிக்கே திரும்பிவிட்டார்கள். நான் வெளிக்கிடவில்லை. ஐந்து மணிக்குப் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

நவம்பர் 16, வியாழன்

தொழிற்சாலைக்கு அறிவித்தேன். இன்னும் இரண்டு கிழமை லீவு. பிறகு ஏழு மணித்தியாலப் பாதையால் போவேன், வருவேன். ஊலாவ் குறைவாகத்தான் பேசுகிறான். நல்லது, எனக்கும் அதிகம் வராது. ஈவா என் தையல் போட்ட விரலைப் பிடித்துக் கடிக்கப் பார்க்கிறாள்.

பின்னேரம் நானும் சாம்பவியும் மலைக்கடைக்குப் போனோம். கூடையைத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஏன் இன்னும் அம்மாவின் இலக்கத்தைக் கொடுக்கிறாய் என்று கேட்டேன்.

"இலக்கத்தைச் சொன்னால் காசு வாங்குற இடத்துத் திரையில அம்மான்ர பேர் வரும் அப்பா. கொஞ்ச நேரம்தான். அதுக்காகத்தான் கிழமைக்கு ஒருக்கா வாறன்."

ஐந்து கிழமை நான் எதற்காகக் காத்திருந்தேனோ அதற்காகத்தான் அவளும் வரிசையில் நின்றிருக்கிறாள்.

எங்கள் முறை வந்தது. இலக்கத்தை நான் சொன்னேன். வரவேற்கிறோம், புனிதவதி என்று திரையில் வந்தது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் நின்ற மனிதர் செருமினார். காசைக் கொடுத்தவுடன் என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

ஆட்டிறைச்சி இரண்டு கிலோ. கிலோ நூற்று முப்பத்தொன்பது. மஞ்சள் கடையைவிட முப்பது குரோனர் கூட. வாங்கினோம்.